வாசலில் ஒரு கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள கடையநல்லூரில் கோலமிடும் தெரு ஒன்றில் காலையில் நடந்து பாருங்கள். வீடுகள் ஒரே அமைப்பில் இருக்கலாம். வாசல்கள் அப்படி இரா. சுவருக்கு வர்ணம் பூசப் பணம் வேண்டும். கோலத்திற்குக் கைப்பிடி மாவே போதும். வீட்டுக்கு வீடு இந்த வேறுபாடு எவ்வாறு உண்டாகிறது?

வரிசைக்கு மூன்றாக ஒன்பது நேர்ப்புள்ளிகள் வையுங்கள். சிக்குக் கோலத்தில், அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கிடையே கம்பிகள் வெட்டிச் செல்லலாம். அல்லது வெட்டாமல் விலகி வளையலாம். இத்தகைய இடைவெளிகள் 12. ஒவ்வொன்றிலும் இவ்விரண்டு வழிகளே என்று வைத்துக்கொண்டால், 2-ஐப் பன்னிரண்டு முறை பெருக்க, 4096 கோலங்கள்!

எல்லாமே கண்ணுக்கு இனியவை அல்ல. கால் வட்டம் திருப்பினாலும் அதே கோலமாகத் தோன்றவேண்டும் என்று விதித்தால், ஓரிடத்தில் செய்ததையே மற்ற மூன்று பக்கங்களிலும் செய்தாக வேண்டும். நம் விருப்பத்திற்கு எஞ்சுபவை மூன்று இடங்கள்; ஆகவே எட்டே கோலங்கள். அவற்றுள்ளும் ஒரே கம்பியில் முடிபவை இரண்டுதான். அவை ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். சமச்சீர் எவ்வளவு கண்டிப்பானது, பார்த்தீர்களா?

கோலத்திற்கும் இலக்கணம் உண்டென்று கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினர். கணிப்பொறி இயலில் அது இன்றும் பேசப்படுகிறது.

கடையில் விற்கும் ஒட்டுக் கோலத்தில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. ஆயிரம் வாசலிலும் ஒரே அச்சு. நீங்களோ வரிசைக்கு நான்காகப் பதினாறு புள்ளிகள் வையுங்கள். அதே விதிப்படி எட்டு, 64 ஆகிவிடும். உங்கள் வாசலுக்கு எது என்பதை வீட்டிலுள்ளோருடன் வரைந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.