பசியின் கணக்குப்பிள்ளை

பசி வயிற்றில் எழுவதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் எவ்வளவு தின்பது, எவ்வளவு செலவழிப்பது என்று கணக்குப் பார்ப்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ். உடம்பில் கொழுப்பு எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

இதற்கு வழிகாட்டியவை சுண்டெலிகள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-ல், ஓயாமல் தின்று மூன்று மடங்கு எடை போடும் எலிகள் பிறந்தன. அவற்றுக்கு ‘ஓபி’ என்று பெயர். 1960-களில் ‘டிபி’ என்ற இன்னொரு குண்டு வகையும் தலைகாட்டியது. அங்கே பணியாற்றிய டக்ளஸ் கோல்மன், இரண்டிரண்டு எலிகளின் விலாப்புறத்தைச் சேர்த்துத் தைத்தார். ஒன்றின் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதற்குப் போகும். டிபியோடு தைத்த சாதாரண எலி, எதிரே தீனி இருந்தும் தொடாமல் பட்டினியால் செத்தது. டிபியோடு தைத்த ஓபிக்கும் அதே கதி. சாதாரண எலியோடு சேர்ந்த ஓபியோ தீனியைக் குறைத்துக்கொண்டது.

‘போதும்’ என்று சொல்லும் பொருள் ஏதோ ரத்தத்தில் ஓடுகிறது என்று கோல்மன் ஊகித்தார். ஓபிக்கு அது சுரப்பதே இல்லை. டிபிக்கு மிதமிஞ்சிச் சுரந்தும் மூளைக்கு உறைப்பதில்லை. 1994-ல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு அதற்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தது. அந்தப் பொருள்தான் லெப்டின். அதைச் சுரப்பது கொழுப்பு செல்களே. கொழுப்பு சேரச் சேர லெப்டினும் கூடும். ஹைப்போதலாமஸில் பசியைக் கிளப்பும் நரம்பு செல்களை அடக்கி, பசியைத் தணிக்கும் செல்களைத் தூண்டும். வயிறு காலியானதும் இரைப்பை சுரக்கும் கிரெலின், இதற்கு நேரெதிராக வேலை செய்யும்.

அப்படியானால் லெப்டின் ஊசி போட்டால் இளைத்துவிடலாமா? பிறவியிலேயே லெப்டின் சுரக்காத மிகச் சிலருக்கு ஊசி நன்றாகவே பலித்தது. பருமனான மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பலிக்கவில்லை. அவர்கள் ரத்தத்தில் ஏற்கெனவே லெப்டின் ஏராளம். மூளைதான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆனால் லெப்டின் குறைந்தால் மூளை சும்மா இருக்காது. பட்டினி கிடந்து எடை குறைத்தால், பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும். உடம்பு செலவழிக்கும் ஆற்றலையும் குறைக்கும். பாடுபட்டு இளைத்த பலர் மறுபடி பெருத்துவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குண்டாக இருப்பவரைப் பார்த்து ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று இனியாவது சொல்லாதிருப்போம்.