மோட்டார் சைக்கிள் இன்ஜினில் பிஸ்டன் வளையங்களையும் எண்ணெய் ஸீல்களையும் மாற்றும் முறை

கிராமாந்தரங்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பர வாகனமன்று. விதை மூட்டையும் உர மூட்டையும் ஏற்றிவரவும், தாலுகா கச்சேரிக்கும் சந்தைக்கும் போய்வரவும் அது விவசாயிக்கு இன்றியமையாத துணையாயிருக்கிறது. இவ்வகை வண்டிகளுள் பழையதும் பலராலும் விரும்பப்படுவதும் 350 ஸி.ஸி. புல்லட் ஆகும். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து என்பீல்டு கம்பெனியாரும் சென்னை வியாபாரிகளும் 1955ஆம் ஆண்டில் கூட்டுச் சேர்ந்தபின், இவ்வண்டி சென்னையையடுத்த திருவொற்றியூரில் செய்யப்பட்டு வந்தது. வார்ப்பிரும்பு ஸிலிண்டர் உள்ள அப்பழைய இன்ஜின் இப்போது புதிதாகச் செய்யப்படுவதில்லை. ஆயினும் அத்தகைய வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றின் ஸிலிண்டரைக் காப்பாற்றிக்கொள்ளுதல் உடையவர் பொறுப்பாகும்.

வளையங்களின் தொழில்

இவ்வின்ஜினில் ஸிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 90 மி.மீ. பிஸ்டனைச் சுற்றி மூன்று வளையங்கள் உள்ளன. மேலிரண்டும் வெடிப்பின் அழுத்தம் கீழே கசியாமல் தடுக்கின்றன. பிஸ்டனின் உஷ்ணத்தை ஸிலிண்டர்ச் சுவருக்குக் கடத்துவதும் இவையே. மூன்றாவது வளையம் சுவரிலுள்ள மிகுதி எண்ணெயை வழித்துக் கீழே தள்ளுகிறது.

வளையங்கள் தேய்ந்தால் இரண்டு தீமைகள் விளையும். எண்ணெய் மேலேறி எரிந்து நீலப்புகையாக வெளிப்படும். வெடித்த வாயு கீழிறங்கிக் கிராங்க் பெட்டியில் அழுத்தத்தை உண்டாக்கும். இவ்வழுத்தம் எண்ணெயை ஸீல்களின் வழியாகவும் பாக்கிங்குகளின் வழியாகவும் வெளியே தள்ளும். ஆகையால் வளையம் தேய்ந்த இன்ஜினில் ஸீலை மட்டும் மாற்றுவது வீண் செலவாகும். சின்னாட்களில் புது ஸீலும் கசியத் தொடங்கும். மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தாலும் இதே கேடு நேருமாதலால், அதை முதலில் சுத்தம் செய்து பார்த்தல் வேண்டும்.

பிரிக்குமுன் செய்யும் பரீட்சை

புகை கண்டவுடன் இன்ஜினைப் பிரித்தல் கூடாது. கறுப்புப் புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். காலையில் சிறிது நேரம் தோன்றும் வெண்புகை ஈரத்தால் உண்டாவது. நீலப்புகை மட்டுமே எண்ணெய் எரிவதற்கு அடையாளம். அதுவும் வண்டி பாரத்தோடு விரைந்து செல்லும்போது வந்தால் வளையத்தின் குற்றமெனக் கொள்ளலாம். இறக்கத்தில் திராட்டிலை மூடிச் சென்று, மீண்டும் திறக்கும்போது மட்டும் வந்தால் வால்வு கைடுகளின் தேய்மானமாயிருக்கக்கூடும்.

பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெயைத் துளை வழியாக விட்டு, கிக்கரைச் சிலமுறை மிதித்தபின் பிளக்கை மாட்டி மறுபடியும் மிதித்துப் பார்க்கவேண்டும். முன்னிலும் கடினமாயிருந்தால் வளையமும் ஸிலிண்டரும் தேய்ந்தவை. மாறுதல் இல்லையேல் வால்வுகளையே சோதிக்க வேண்டும்.

ரீபோர் தேவையா?

பணமும் ஸிலிண்டரின் ஆயுளும் இக்கேள்வியிலேயே அடங்கியுள்ளன. சாதாரணமாக ஸிலிண்டரை 0.5 மி.மீ. ஒருமுறையும், 1 மி.மீ. அளவுக்கு மறுமுறையும் குடையலாம். ஒவ்வொரு முறையும் பெரிய பிஸ்டன் வாங்க வேண்டும். அதற்குப்பின் உள்ளே ஸ்லீவ் அடிப்பதன்றி வேறு வழியில்லை. எனவே தேவையின்றிச் செய்யும் ஒரு ரீபோர் ஸிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கைக் குறைத்துவிடுகிறது. தேவையான ரீபோரைத் தவிர்த்துப் புது வளையம் மட்டும் போட்டால் சில மாதங்களில் புகை திரும்பும்.

விலையுயர்ந்த அளவுகோல் இல்லாமலே இதை அறியலாம். புது வளையமொன்றை ஸிலிண்டரின் அடிவாயில், தேயாத இடத்தில் வைத்துப் பிஸ்டனால் தள்ளி நேராக்கி, அதன் இரு முனைகளுக்குமுள்ள இடைவெளியைப் பீலர் கேஜால் அளக்கவும். பின்பு மேல்விளிம்பிலிருந்து சுமார் 12 மி.மீ. கீழே, தேய்மானம் மிகுந்த இடத்தில் வைத்து மீண்டும் அளக்கவும். இரண்டின் வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தின் தேய்மானம் கிடைக்கும்.

உதாரணமாக, கீழே 0.30 மி.மீ., மேலே 0.55 மி.மீ. எனில் வித்தியாசம் 0.25, தேய்மானம் 0.08 மி.மீ. இதற்கு வளையம் மாற்றினால் போதும். மேலே 0.95 மி.மீ. எனில் தேய்மானம் சுமார் 0.21 மி.மீ. ஆகும். 0.2 மி.மீ. அளவை எட்டிய ஸிலிண்டரை ரீபோர் செய்வதே நலம். அளவு குறைவாயிருந்தும் நகம் தட்டும்படியான கீறல்கள் சுவரில் இருந்தால் அப்போதும் ரீபோர் அவசியமே. இக்கணக்கை உடையவர் தாமே செய்து குறித்துக்கொண்டு பட்டறைக்குச் செல்வது உத்தமம்.

பிரித்தலும் பூட்டுதலும்

இன்ஜின் நன்றாக ஆறியபின் பெட்ரோல் டாங்க், கார்ப்பரேட்டர், புகைக்குழாய், ராக்கர்கள், தள்ளுகோல்கள், ஹெட் ஆகியவற்றை முறையே கழற்றவும். தள்ளுகோல்கள் இரண்டும் இடம் மாறாதபடி அடையாளமிட வேண்டும். ஸிலிண்டரின் அடி நட்டுகளில் ஒன்று டாப்பெட் அறைக்குள் மறைந்திருக்கிறது. அதை மறந்து ஸிலிண்டரை அடித்துக் கிளப்ப முயன்றால் வார்ப்பிரும்பு வெடிக்கும்.

ஸிலிண்டரைத் தூக்கும்போதே கிராங்க் பெட்டியின் வாயைச் சுத்தமான துணியால் அடைக்கவும். உடைந்த வளையத்துண்டோ ஸர்க்ளிப்போ உள்ளே விழுந்தால் இன்ஜின் முழுவதையும் பிரிக்க நேரிடும். பிஸ்டனின் முன்பக்கத்தைக் குறித்துக்கொண்டு கழற்றி, உடைந்த பழைய வளையத்துண்டால் பள்ளங்களிலுள்ள கரியைச் சுரண்டவும். புது வளையம் பள்ளத்தில் மேலும் கீழும் ஆடினால் பிஸ்டனையும் மாற்ற வேண்டும்.

ரீபோர் செய்யாத ஸிலிண்டரின் சுவர் கண்ணாடிபோல் மின்னும். அதன்மேல் புது வளையம் படிந்து அமையாது. ஆகையால் பட்டறையில் ஹோனிங் செய்து, குறுக்கு நெடுக்கான மெல்லிய கோடுகள் தோன்றச் செய்யவேண்டும். மேல்விளிம்பில் படிந்த வரம்பையும் நீக்கவேண்டும். இல்லையேல் புது வளையம் அதில் மோதி உடையும். பிறகு சோப்பு நீரால் கழுவித் துடைத்து, உடனே எண்ணெய் பூசவும்.

புது வளையத்தின் முனை இடைவெளி சற்றேறக்குறைய 0.3 மி.மீ. இருத்தல் நலம். குறைவாயிருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ஸிலிண்டரைக் கீறும். மெல்லிய அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். அடையாளமிட்ட முகம் மேலே வரவேண்டும். மூன்று வளையங்களின் வாய்களும் ஒரே நேரில் அமையாமல் வட்டத்தில் மூன்றிலொரு பங்கு தள்ளித்தள்ளி அமையவேண்டும். ஸர்க்ளிப், பாக்கிங் ஆகியவற்றில் பழையதை மீண்டும் உபயோகித்தல் கூடாது. ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக முறுக்கவும்.

டாப்பெட்டுகளை இன்ஜின் குளிர்ந்த நிலையில், இரு வால்வுகளும் மூடியிருக்கையில் அமைக்கவேண்டும். தள்ளுகோல் விரலால் எளிதில் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடலாகாது.

எண்ணெய் ஸீல்கள்

தரையில் எண்ணெய் சொட்டாமலும் புகையில்லாமலும் இன்ஜின் எண்ணெய் குறைந்து, பிரைமரி செயின் பெட்டியில் எண்ணெய் ஏறினால், கிராங்க் தண்டின் ஸீல் கெட்டதென அறியலாம். புது ஸீலின் உதட்டில் எண்ணெய் தடவி, உதடு எண்ணெய்ப் பக்கம் நோக்கும்படி வைத்து, மரக்கட்டையால் சமமாகத் தட்டி இறக்கவும். தண்டின் மரைகள் உதட்டைக் கிழிக்காதபடி மெல்லிய காகிதம் சுற்றிக்கொள்க. உதடு உராயும் இடத்தில் தண்டு பள்ளம் விழுந்திருந்தால், தண்டைச் சீர்செய்யாமல் ஸீலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பின்னர்க் கவனிக்க வேண்டியவை

புது எண்ணெய் விட்டு இன்ஜினை ஓட்டியவுடன், ராக்கர் எண்ணெய்க் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தி எண்ணெய் வருகிறதா என்று பார்க்கவும். வராவிடில் உடனே நிறுத்தவேண்டும். முதல் 500 கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றாமலும், பாதித் திராட்டிலுக்கு மேற்படாமலும், வேகத்தை மாற்றி மாற்றியும் ஓட்டுக. நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடவிடுதல் கூடாது. அதன்பின் எண்ணெயை மாற்றி, ஹெட் நட்டுகளையும் டாப்பெட்டுகளையும் மறுபடி சோதிக்கவும்.

இறுதியாக, ஸிலிண்டரின் பிரதான சத்துரு புழுதியேயாகும். வண்டிப்பாதைப் புழுதியும் களத்துமேட்டுத் தூசியும் காற்று வடிகட்டியின் வழியே நுழைந்து எண்ணெயோடு கலந்து அரம்போல் வேலை செய்கின்றன. கிணற்று ஆயில் இன்ஜினுக்கும் இது பொருந்தும். அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறை வடிகட்டியைச் சுத்தம் செய்பவர், மேற்கூறிய வேலைகளைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.