நடனமணி ஓய்வு பெற்றால் அந்த வேடம் யாருக்கு?

2015 டிசம்பர். கம்பெனி வேலையாக சியாட்டிலில் இருந்த சமயம். டீமில் ஒருத்தர் வீட்டில் எல்லோருக்கும் ஜுரம் என்று சொல்லி இரண்டு டிக்கெட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனார். மெக்கா ஹாலில் 'நட்கிராக்கர்' பாலே, சனிக்கிழமை மத்தியான ஷோ. பாலே பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்டை விரலில் நிற்பார்கள் என்பது மட்டும்தான்.

உள்ளே நுழையும்போது கையில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு துண்டுச் சீட்டு. இன்ன வேடத்தில் இன்னாருக்குப் பதில் இன்னார் ஆடுகிறார் என்று இரண்டு வரி. நான் அதைப் புக்மார்க் மாதிரி ஓரமாக வைத்துவிட்டேன். பக்கத்து சீட்டில் எழுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு அம்மா, புத்தகத்தைத் திறக்கவே இல்லை. சீட்டை மட்டும் எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "ஓ, இந்தப் பொண்ணுக்கு இப்பவே குடுத்துட்டாங்களா" என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தார். இடைவேளையில் என்னவென்று கேட்டேன். அவ்வளவுதான், பதினைந்து நிமிஷம் பாடம். முப்பது வருஷமாக சீசன் டிக்கெட் வைத்திருக்கிறாராம். யார் கதாநாயகி ஆகப்போகிறார், யாருக்கு முழங்கால் போய்விட்டது, யார் அடுத்த வருஷம் இருக்கமாட்டார் என்று எல்லாவற்றையும் இந்த மாதிரி சீட்டுகளிலிருந்தே கணக்குப் போட்டுவிடுவாராம்.

அன்று பிடித்த பைத்தியம். நடனத்தை விட, அதற்குப் பின்னால் இருக்கும் இந்த ஆள்-ஒதுக்கீட்டு முறைதான் என்னை இழுத்தது. ரிசோர்ஸ் அலொகேஷன் ஷீட்டோடு இருபது வருஷம் மல்லுக்கட்டிய ஆள் நான், வேறென்ன இழுக்கும்?

முதலில் ஒரு சின்ன வரலாறு. அமெரிக்காவில் பாலே என்றால் ரொம்ப நாள் நியூயார்க் மட்டும்தான், சான் பிரான்சிஸ்கோ மாதிரி ஒன்றிரண்டு ஊர்கள் விதிவிலக்கு. 1963-ல் ஃபோர்டு அறக்கட்டளை 77 லட்சத்து 56 ஆயிரம் டாலரை பாலேவுக்கு ஒதுக்கியது. பெரும்பங்கு நியூயார்க் சிட்டி பாலேவுக்கும் அதன் பள்ளிக்கும் போய்விட்டது. அதற்காக அப்போதே பெரிய சண்டை நடந்தது. ஆனால் மிச்சப் பணம் பாஸ்டன், பிலடெல்பியா, ஹூஸ்டன், யூட்டா என்று வெளியூர்க் குழுக்களுக்குப் போனது. வட்டாரக் குழுக்கள் முழுநேரச் சம்பளத் தொழிலாக மாற இது ஒரு பெரிய உந்துதல். சியாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே பசிபிக் நார்த்வெஸ்ட் பாலே 1972-ல்தான் பிறந்தது, அதுவும் சியாட்டில் ஓபராவின் நிழலில். 1977-ல் கென்ட் ஸ்டோவெல், ஃபிரான்சியா ரஸ்ஸல் என்ற தம்பதி பொறுப்பேற்று 2005 வரை நடத்தினார்கள். இருவருமே நியூயார்க்கில் ஜார்ஜ் பாலன்சினிடம் ஆடியவர்கள். அவர்களுக்குப் பின் வந்த பீட்டர் போலும் அதே நியூயார்க் சிட்டி பாலேயின் முன்னணி ஆட்டக்காரர்.

அமெரிக்கக் குழுக்களில் பொதுவாக மூன்று படி. அடியில் கோர் டி பாலே. அன்னப்பறவைகளாக, பனித்துளிகளாகக் கூட்டமாக ஆடுகிறவர்கள். நடுவில் சோலோயிஸ்ட். மேலே பிரின்சிபல். கோருக்கும் கீழே அப்ரென்டிஸ் உண்டு, நம்ம டிரெய்னி மாதிரி. வட்டாரக் குழுவில் மொத்தமே சில டஜன் பேர்தான் இருப்பார்கள். அதனால் மேல் படியில் ஒருத்தர் போனால்தான் கீழே இருப்பவர் ஏற முடியும். கோரில் பத்து வருஷம் நின்று, அங்கேயே ஓய்வு பெறுகிறவர்கள்தான் அதிகம். யாரும் அவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில்லை. நானும் இந்தப் பத்தியோடு விட்டுவிடுகிறேன், அதுவும் அநியாயம்தான்.

இப்போது வேட ஒதுக்கீட்டுக்கு வருவோம். ஒரு முழுநீள பாலே, 'ஸ்வான் லேக்' என்று வைத்துக்கொள்வோம், இரண்டு வாரத்தில் எட்டு பத்து தடவை மேடையேறும். ஒரே ஆள் அத்தனையும் ஆட முடியாது, உடம்பு தாங்காது. ஆகவே கதாநாயகி வேடத்துக்கே நான்கைந்து பேர். முதல் நாள் இரவு யார் ஆடுகிறார் என்பது கௌரவம். பத்திரிகை விமர்சகர்கள் வருவது அன்றுதான். புது ஆளை அறிமுகப்படுத்துவது பெரும்பாலும் சனிக்கிழமை மத்தியானம். நான் போன ஷோ! சில குழுக்களில் முதல்முறை ஆடுகிறவர் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும்.

முடிவெடுப்பது கலை இயக்குநர். ஆனால் எப்போதும் அவர் மட்டுமல்ல. பாலன்சின் 1983-ல் இறந்த பிறகு அவருடைய படைப்புகளுக்காக 1987-ல் ஒரு டிரஸ்ட் அமைத்தார்கள். அவர் பாலேயை எந்தக் குழு போட்டாலும் டிரஸ்ட்டின் ஆள் வந்து சொல்லிக்கொடுப்பார், யார் ஆடுவது என்பதிலும் அவர் குரல் உண்டு. நடன அமைப்பாளர் உயிரோடு இருந்தால் அவரே வந்து உட்கார்ந்து பார்த்துப் பொறுக்குவார். ஆட்டக்காரர்களுக்கோ பலசமயம் விஷயம் தெரிவது ஒத்திகை அட்டவணை வழியாகத்தான். காலையில் வந்து போர்டைப் பார்த்தால், ஒடெட் ஒத்திகைக்கு மூன்று பெயர். அதில் நம்ம பெயர் இருக்கிறதா இல்லையா. நமக்கு அப்ரைசல் கடிதமாவது வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறது.

ஓய்வு என்பதும் இந்தப் போர்டிலிருந்தே தொடங்குகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாகியது. அந்த அம்மா சொன்னது இதைத்தான்: "அறிவிப்பு வர்றதுக்கு ரெண்டு சீசன் முன்னாடியே சீட்டு சொல்லிடும்." ஸ்வான் லேக் கதாநாயகி ஒரே ராத்திரியில் ஒடெட், ஒடீல் என்று இரண்டு பெண்களாக ஆட வேண்டும். மூன்றாம் அங்கத்தில் ஒடீல் ஒற்றைக் காலில் 32 சுற்று, இன்னொரு காலைச் சாட்டை மாதிரி வீசி வீசிச் சுற்ற வேண்டும். 1895-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பியரினா லெக்னானி என்ற இத்தாலிக்காரர் அதை ஆடிக் காட்டினார், அன்றிலிருந்து ஒவ்வொரு கதாநாயகி தலையிலும் அந்த 32 உட்கார்ந்திருக்கிறது. முப்பத்தைந்து வயசுக்கு மேல் ஒருவர் பெயர் ஸ்வான் லேக் பட்டியலில் குறைய ஆரம்பிக்கும். நாடகத்தன்மை உள்ள வேடங்களில் கூடும். பிறகு ஒருநாள் அறிவிப்பு.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? பாயின்ட் ஷூ என்பது இரும்பு கிரும்பு இல்லை. துணியும் காகிதமும் பசையும் சேர்த்துக் கெட்டியாக்கிய கூடு. அதன் நுனியில் மொத்த உடம்பு. முன்னணி ஆட்டக்காரர் ஒருவருக்கு ஒரு ராத்திரியிலேயே ஒரு ஜோடி தளர்ந்துவிடும். ஷூவை மாற்றிவிடலாம், கணுக்காலை மாற்ற முடியாது. இடுப்பிலிருந்து கால்களை வெளிப்பக்கம் திருப்பியே ஆடுவதால் இடுப்பு மூட்டு, குதித்து இறங்குவதால் முழங்கால், குதிகால் நரம்பு. ஒரு காயம் ஆற இருபது வயதில் ஒரு மாசம் ஆகும் என்றால் முப்பத்தெட்டில் ஒரு சீசன் போய்விடும்.

நம்ம ஊர் ஆட்கள் இங்கே ஒன்றைக் கேட்பீர்கள். பாலசரஸ்வதி 1962-ல் அமெரிக்காவில் ஜேக்கப்ஸ் பில்லோ விழாவில் ஆடியபோது அவருக்கு வயது 44. அங்கே பார்த்தவர்கள் அசந்துபோனது அவர் அபிநயத்துக்கு. அபிநயம் வயசாக ஆகத்தான் கனியும். பாலேயில் அந்தப் பக்கம் கொஞ்சம் ஒல்லி. மார்கோ ஃபோன்டெய்ன் விதிவிலக்கு. 1962-ல், ஓய்வு பெறும் வயதில், இருபத்துமூன்று வயது நூரியேவோடு 'ஜிசெல்' ஆடி இரண்டாவது வாழ்க்கையே தொடங்கினார். ஆனால் 1964-ல் அவர் கணவர் சுடப்பட்டு உடம்பு செயலிழந்தபின், மருத்துவச் செலவும் அவரை மேடையில் நிறுத்திவைத்தது. கலை தாகம் என்று மட்டும் நாம் கதை எழுதிவிடக் கூடாது.

பணம் என்றதும் பாரிஸ். பாரிஸ் ஓபரா பாலேயில் ஓய்வு வயது 42, பென்ஷன் உண்டு. அந்த பென்ஷன் திட்டத்தின் வேர் 1698-ல், பதினான்காம் லூயி காலத்தில். 2019-ல் பிரெஞ்சு அரசு அதில் கைவைக்கப் பார்த்தது. டிசம்பர் 24 அன்று குளிரில், ஓபரா கட்டடத்தின் வெளிப்படிக்கட்டில் நின்று நடனமணிகள் ஸ்வான் லேக் ஆடினார்கள். வேலைநிறுத்தம்!

அமெரிக்க வட்டாரக் குழுவில் இந்தப் பேச்சே கிடையாது. ஒப்பந்தம் வருஷம் முழுவதற்கும்கூட இல்லை. இத்தனை வாரம் என்றுதான். மிச்ச வாரங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் லேஆஃப். நமக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். அவர்களுக்கு அது காலண்டரில் அச்சடித்த விஷயம். அந்த வாரங்களில் பலர் வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்குவார்கள், கோடைக்கால வகுப்பு எடுப்பார்கள். பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போகாமல் குழுவில் சேர்ந்து, முப்பத்தைந்தில் வெளியே வரும்போது கையில் டிகிரி இருக்காது. இதற்காகவே சியாட்டில் குழு 'செகண்ட் ஸ்டேஜ்' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே படிக்க உதவுவது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி முடிவதில்லை. பட்ரீசியா பார்க்கர் 1981-ல் அங்கே சேர்ந்தார், 1986-ல் பிரின்சிபல். அதே வருஷம் வந்த நட்கிராக்கர் சினிமாவிலும் அவர்தான் கதாநாயகி. 2007-ல் விடைபெற்றபோது நாற்பதைக் கடந்திருந்தார், பிறகு கிராண்ட் ராபிட்ஸ் பாலே, நியூசிலாந்தின் ராயல் பாலே என்று இயக்குநரானார். கார்லா கோர்பெஸ் வேறு கதை. பிரேசிலில் சிறுமியாக இருந்தபோது, விருந்தினராக ஆடப் போன பீட்டர் போல் பார்த்து, நியூயார்க் பள்ளிக்கு வரச் சொன்னார். 2005-ல் போல் சியாட்டிலுக்கு வந்தபோது இவரும் வந்தார். 2015-ல், முப்பதுகளின் முதல் பாதியிலேயே, ஊரே உருகிக்கொண்டிருக்கும்போது நிறுத்திக்கொண்டார். நான் உட்கார்ந்திருந்த அந்த டிசம்பர் ஷோ, அவர் இல்லாத முதல் நட்கிராக்கர் சீசன். அந்த அம்மா ஏன் அந்தச் சீட்டை அப்படிப் படித்தார் என்று வீட்டுக்கு வந்து தேடிய பிறகுதான் புரிந்தது. மேலே ஒரு நாற்காலி காலியாகியிருந்தது. யார் ஏறுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்குப் பிடித்த கதை நோயலானி பன்டாஸ்டிகோவுடையது. ஹவாயில் பிறந்தவர், பென்சில்வேனியாவில் ஒரு பள்ளியில் பயின்றவர், 1997-ல் சியாட்டில் குழுவில் சேர்ந்து 2004-ல் பிரின்சிபல் ஆனார். 2008-ல் மான்டே கார்லோ குழுவின் இயக்குநர் ஜான் கிறிஸ்தோஃப் மயோவின் 'ரோமியோ ஜூலியட்' சியாட்டிலில் போடப்பட்டது. ஜூலியட் இவர். அந்த ஒரு வேடம் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. பிரின்சிபல் பதவியை விட்டுவிட்டு அதே வருஷம் மயோவின் குழுவுக்கே போய்விட்டார். ரோமியோவாக ஆடிய லூசியன் போஸ்டல்வெயிட்டும் சில வருஷம் கழித்து அங்கே போனார். பன்டாஸ்டிகோ 2015-ல் திரும்பி வந்தார், முப்பத்தைந்தை ஒட்டிய வயதில், மற்றவர்கள் கிளம்பும் நேரத்தில். 2022-ல் ஓய்வு பெற்று, தான் படித்த பென்சில்வேனியா பள்ளிக்கே பொறுப்பெடுத்துப் போனார்.

ஆட்டக்காரர் போய்விட்டால் வேடம் எப்படிக் கைமாறுகிறது? குறியீட்டு முறைகள் இருக்கின்றன, வீடியோ இருக்கிறது. இருந்தாலும் ஆளிடமிருந்து ஆளுக்குத்தான். வீடியோவில் கை எங்கே போகிறது என்று தெரியும், மூச்சை எங்கே எடுத்தார் என்று தெரியாது. எந்த இடத்தில் கூட ஆடுகிறவரின் தோளில் எடையைச் சாய்க்கணும், எந்த இடத்தில் சாய்க்கிற மாதிரி பாவனை மட்டும் செய்யணும் என்பதை ஆடியவர்தான் சொல்லணும். நாங்கள் கேடி செஷன் என்போம். ஐடி கம்பெனியில் நோட்டீஸ் பீரியடின் கடைசி வாரத்தில், ஒருத்தர் பேச இன்னொருத்தர் போனைப் பார்க்க, ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே நேற்றுவரை அந்த வேடத்தை ஆடியவர், இன்று ஸ்டூடியோ ஓரத்தில் வெறும் சாக்ஸோடு நின்று, அடுத்தவளுக்கு விரல் நுனி கோணத்தைத் திருத்துகிறார். தன் இடத்துக்கு வரப்போகிறவளுக்கு. முதல் தடவை அப்படி ஒரு ஒத்திகை வீடியோ பார்த்தபோது கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தேன்.

எனக்கும் நாற்பத்தைந்து ஆகிறது. போன மாசம் என் ஏழு வருஷ மாட்யூலை ஒரு இருபத்தாறு வயதுப் பையனிடம் ஒப்படைத்தேன். ஓரமாக நின்று சொல்லிக்கொடுத்தேன். நன்றாகத்தான் எழுதுகிறான். இரண்டு இடத்தில் என்னைவிட நன்றாகவே.

அந்தத் துண்டுச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தப் பதிவுக்காக எடுத்துப் பார்த்தேன். அன்று மத்தியானம் முதல்முறையாக அந்த வேடத்தை ஆடிய பெண் எப்படி ஆடினார் என்று என்னால் சொல்ல முடியவில்லை, எனக்கு அப்போது பார்க்கத் தெரியாது. பக்கத்து சீட்டு அம்மா மட்டும் முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்.