ஸக்கூமாவின் குட்டி யானைகள்

சாட் நாட்டின் தென்கிழக்கில் இருக்கும் ஸக்கூமா தேசியப் பூங்காவுக்கு நினைத்தபோது போய்விட முடியாது. ஜூன் தொடங்கி அக்டோபர் வரை மழை. சலாமத் ஆறு கரை புரண்டு, சுமார் 3,000 சதுர கிலோமீட்டர் காட்டில் பெரும்பகுதி சேறாகிவிடும். மார்ச், ஏப்ரலில் போங்கள். வெயில் கொளுத்தும், ஆனால் மிச்சமிருக்கும் குட்டைகளைத் தேடி அத்தனை உயிரும் வந்து சேர்வது அப்போதுதான்.

சாயங்காலம் குவெலியா குருவிகள் வரும். நம் தூக்கணாங்குருவியின் குடும்பம்தான்; அலகு மட்டும் செக்கச்சிவப்பு. லட்சக்கணக்கில் வந்து உட்கார, முள்மரக் கிளைகள் கண்ணெதிரே வளைந்து இறங்கின. தண்ணீரை உரசியபடி ஒரு வாய் குடித்துவிட்டு மேலெழும்பின. இறக்கைச் சத்தத்தில் பக்கத்திலிருந்தவர் பேசியது காதில் விழவில்லை.

நான் போனது யானைகளுக்காக. 2002இல் 4,000க்கு மேல் இருந்தவை, 2010இல் சுமார் 450. தந்தத்துக்காகக் குதிரையேறி வந்த ஆயுதக் கும்பல்கள் மந்தை மந்தையாகச் சுட்டுத் தள்ளின. தப்பியவை குடும்பம் குடும்பமாகப் பிரிந்து மேய்வதை விட்டுவிட்டு ஒரே பெருங்கூட்டமாக ஒண்டிக்கொண்டன. குட்டி போடுவதும் ஏறக்குறைய நின்றே போனது. சுட்டுக் கொன்ற கணக்கைவிட எனக்கு வலித்தது இதுதான்.

2010 அக்டோபரில் சாட் அரசோடு சேர்ந்து ஆப்பிரிக்கன் பார்க்ஸ் அமைப்பு பொறுப்பேற்றது. யானைகளின் கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை, காவலர் கையில் ரேடியோ, மழைக்காலத்திலும் ரோந்து. 2012 செப்டம்பரில், ஹெபான் என்னும் இடத்தில், விடியற்காலைத் தொழுகை நேரத்தில் தந்த வேட்டைக்காரர்கள் ஆறு காவலர்களைச் சுட்டுக் கொன்றார்கள். மற்றவர்கள் வேலையை விட்டுப் போகவில்லை. துப்பாக்கிச் சத்தம் அடங்க அடங்க, குட்டிகள் பிறக்கத் தொடங்கின. 2018இல் யானைகள் 550ஐத் தாண்டின.

ஆற்றுமடுவில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். தும்பிக்கையால் உறிஞ்சப் பழகாத ஒரு குட்டி, முன்னங்காலை மடக்கி, வாயைத் தண்ணீரில் வைத்துக் குடித்தது. எங்கள் வண்டியின் வாடை பட்டதும் பெரியவை நெருங்கி நின்று அதை உள்ளே மறைத்துக்கொண்டன. “இன்னும் பயம் போகலைம்மா, கிட்டப் போக வேண்டாம்” என்று வண்டியைப் பின்னுக்கு எடுத்தார் வழிகாட்டி.

கருப்புக் காண்டாமிருகத்தையும் இங்கே திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். 2018இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆறு வந்தன. சில மாதங்களில் நான்கு இறந்துபோயின. 2023இல் மறுபடியும் ஐந்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.