கொம்பு இடம் மாறிய கல்யாணப் பத்திரிகை

“நீ மெக்கானிக்கல்தானேடா, உனக்கு எதுக்கு இந்த டிசைன் வேலை?” என்று ஹாஸ்டலில் கேட்காதவர்கள் இல்லை. பதில் எளிது: மாதச் செலவு. முதலாமாண்டு விடுமுறையில் ஒரு டி.டி.பி. கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இப்போது யாரிடமும் வேலைக்குச் சேராமல், கேட்கிறவர்களுக்கு நானே செய்து கொடுக்கிறேன். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சின்னக் கடைகளுக்கு இணையப் பக்கம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். சமீபத்தில் செய்தவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். ஒன்றில் பெயர் வாங்கினேன். மற்றொன்றில் பரீட்சை ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தை விட்டேன்.

முதலாவது, எங்கள் ஊர்ப்பக்கம் செடி, கன்று விற்கும் நர்சரி அண்ணாச்சிக்குச் செய்தது. விசிட்டிங் கார்டும் வேண்டும், இணையப் பக்கமும் வேண்டும். “தம்பி, கலர் மட்டும் நல்ல கிளிப்பச்சையா இருக்கணும்” என்றார். திரையில் போட்டுக் காட்டினேன். பளீரென்று இருந்தது. அண்ணாச்சிக்கு ஏக சந்தோஷம். ஆனால் அச்சகத்திலிருந்து முதல் ப்ரூஃப் வந்ததும் முகம் வாடிவிட்டது. “என்ன தம்பி, பாசி புடிச்ச மாதிரி இருக்கு?”

தப்பு அச்சகத்தின் மேல் இல்லை. திரை என்பது விளக்கு. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து எல்லா நிறத்தையும் காட்டுகிறது. தாள் ஒளி விடாது. தன் மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பத்தான் அதற்குத் தெரியும். ஆஃப்செட் மெஷினில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று 4 மைகள், நிறத்துக்கு ஒன்றாக 4 பிளேட்டுகள். பச்சை வேண்டுமென்றால் சயான் மேல் மஞ்சளை அடிக்க வேண்டும். அந்த இரண்டு மையும் சேர்ந்து கொடுக்கும் பச்சை, விளக்கின் பச்சையைத் தொடவே முடியாது. என்னதான் மை ஊற்றினாலும் நடக்காது! கடைசியில் கார்டுக்கு வேறு ஒரு இலைப்பச்சையைத் தேர்ந்தெடுத்து, அதை அச்சடித்த தாளிலேயே காட்டிச் சம்மதம் வாங்கினேன். இப்போதெல்லாம் அச்சு வேலை என்றால் முதல் நாளே சி.எம்.ஒய்.கே.-யில்தான் தொடங்குகிறேன்.

கறுப்பிலும் ஒரு வில்லங்கம் உண்டு. திரைக்கென்று செய்த கறுப்பு எழுத்தை அப்படியே அச்சுக்கு மாற்றினால் அது 4 மையும் கலந்த கறுப்பாகிவிடும். நான்கு பிளேட்டும் முடியளவு விலகினால் போதும், சின்ன எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டும். அச்சகத்தில் இதை ‘ரிஜிஸ்டர் அவுட்’ என்பார்கள். நம்ம ஃபிட்டிங் ஷாப்பில் மேட்டிங் சரியாக உட்காராமல் வெளிச்சம் தெரியுமே, அதே சமாச்சாரம்தான். ஆகவே எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவிகிதம். மற்ற மூன்றும் பூஜ்யம். கட்டிங்கிலும் டாலரன்ஸ் உண்டு. ஓரம் வரை நிறம் போகிற கார்டு என்றால், நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நிறத்தை நீட்டிவிட வேண்டும். கத்தி கொஞ்சம் விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாது. மெஷினிங் அலவன்ஸ் படித்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இணையப் பக்கத்தில் நிலைமை தலைகீழ். அங்கே கிளிப்பச்சை ஜோராக வந்தது. ஆனால் வெள்ளைப் பின்னணியில் அந்தப் பச்சையில் எழுத்தைப் போட்டேன் பாருங்கள், வெயிலில் நின்று போனில் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2008-ல் வந்த இணைய அணுகல் நெறிமுறையின்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளையில் சுத்தப் பச்சைக்கு அது 1.4 கூட வராது. எழுத்தைக் கரும்பச்சையாக்கினேன், கிளிப்பச்சையைத் தலைப்புப் பட்டைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

படங்களிலும் அப்படித்தான். 3.5 அங்குலக் கார்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1,050 புள்ளி அகலம் வேண்டும். அதற்குக் குறைந்தால் அச்சில் மொழுமொழுவென்று ஆகிவிடும். இணையத்துக்கோ படம் கனக்கக் கூடாது. அண்ணாச்சி கொடுத்த செடிப் படங்கள் ஒவ்வொன்றும் 4 எம்.பி.! அதை அப்படியே ஏற்றினால் சிக்னல் குறைந்த கிராமத்தில் பக்கம் திறப்பதற்குள் செடியே பூத்துவிடும். அச்சுக்கு ஊட்டி வளர்த்த படத்தை இணையத்துக்குப் பட்டினி போட வேண்டியிருக்கிறது.

இனி இரண்டாவது கதைக்கு வருகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம். 600 பத்திரிகை, 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு. எழுத்தையெல்லாம் ‘கர்வ்ஸ்’ ஆக்கி, அதாவது எழுத்தாக இல்லாமல் வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அப்படிச் செய்தால் அவர்களிடம் நம் ஃபாண்ட் இல்லாவிட்டாலும் எழுத்து சிதையாது. அதுவரை எல்லாம் சரி. மறுநாள் எனக்கு லேத் பிராக்டிகல். காலையில் பெண்ணின் அப்பா போன் செய்தார். பெண் பெயருக்குப் பக்கத்தில் படிப்பைச் சேர்க்க வேண்டுமாம். திருத்திய வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் அதை அப்படியே அச்சக அண்ணனுக்குத் தள்ளிவிட்டு, “அண்ணே, பழைய வரியை எடுத்துட்டு இதை பேஸ்ட் பண்ணிருங்க” என்றேன். மதியம் ப்ரூஃப் படம் வந்தது. படிப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். “ஓகே அண்ணே!”

600-ம் அடித்து வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். ‘திருவளர்ச்செல்வி’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு ‘ச’வுக்கு முன்னால் நிற்காமல், அதைத் தாண்டிப் போய் ‘ல்’லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. “தம்பி, பொண்ணு பேருக்கு முன்னாடியே எழுத்து உடைஞ்சு கெடக்குன்னு வீட்ல அழுவுறாங்க” என்றார் அவர். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கொம்பு எப்படி ஓடியது? பழைய தமிழ் ஃபாண்ட்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். அங்கே கொம்பை நாமே முதலில் அடிப்போம், பிறகு ‘ச’. பார்க்கிற வரிசையும் சேமிக்கிற வரிசையும் ஒன்று. போனில் நாம் அடிப்பது யூனிகோடு. அதில் சேமிப்பு, உச்சரிக்கும் வரிசையில்: முதலில் ‘ச’, அதன் பின் கொம்பு. காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. யூனிகோடைப் படிக்கத் தெரிந்தும் இந்த இடமாற்றம் தெரியாத மென்பொருளில் ஒட்டினால், கொம்பு சேமித்த இடத்திலேயே நின்றுவிடும். இன்டிசைனில்கூட ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இதே கூத்துதான். விசிறி, துணைக்கால் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் வருவதால் தப்பித்துக்கொள்ளும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம் இவைதான் மாட்டும். அதனால்தான் அந்த வரியில் மற்றதெல்லாம் சரியாக இருந்து, என் கண்ணை ஏமாற்றிவிட்டது.

அச்சகத்தில் கேட்டதற்கு, “ஓகே சொன்னது நீதானே தம்பி” என்றார்கள். மறுக்க முடியுமா? கூலி வாங்காமல் போர்டு விலைக்கு மட்டும் மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். அது ரூ. 3,200. என் டிசைன் பணம் 1,500-ஐ நான் கேட்கவில்லை. பரீட்சை ஃபீஸை ரூம்மேட் கட்டினான். இன்னும் பாதிதான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை மாறினாலும் என் பைலிலேயே மாற்றி, மறுபடி கர்வ்ஸ் ஆக்கித்தான் அனுப்புகிறேன். ப்ரூஃபை முதல் எழுத்திலிருந்து விரல் வைத்துப் படிக்கிறேன். வீட்டுக்காரர் ஒருவரையும் படிக்க வைக்கிறேன். நர்சரிப் பக்கத்தில் மட்டும் கர்வ்ஸ் கிடையாது. அங்கே செடிப் பெயர்கள் உண்மையான யூனிகோடு எழுத்தாகவே இருக்கின்றன. அப்போதுதான் ‘செம்பருத்தி’ என்று தேடுகிறவருக்கு அது அகப்படும். கண் தெரியாதவரின் போன் அதை வாய்விட்டுப் படிக்கும்.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். போனேன். பந்தியில் பெண்ணின் அப்பாவே வந்து இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார்.

இந்த மலரின் அட்டையும் என் வேலைதான். ப்ரூஃப் நாளை மதியம் தயாராகும் என்று சொல்லியிருக்கிறார்கள். போனில் படம் அனுப்ப வேண்டாம், நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வார்டன் சாரிடம் அவுட்பாஸ் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.