பட்டியலிலுள்ள சரங்களில் எழுத்தைத் தேடல் (பைத்தான்)

பைத்தான் நிரலாக்க மொழியில், ஒரு பட்டியலில் அடங்கிய சரங்களுள் குறிப்பிட்ட ஓர் எழுத்தைக் கொண்டவை எவை எனக் கண்டறிதல் அடிக்கடி தேவைப்படும் செயலாகும். இதற்கு "இன்" என்னும் செயற்குறி பயன்படுகிறது. இடப்பக்கம் உள்ளது வலப்பக்கத்தில் அடங்கியிருப்பின் இச்செயற்குறி மெய் என்றும், இல்லையெனில் பொய் என்றும் விடை தரும்.

செயற்குறியின் இரு பொருள்கள்

வலப்பக்கம் சரமாக இருந்தால், இடப்பக்கச் சரம் அதன் ஒரு பகுதியாக வருகிறதா என்று "இன்" பார்க்கிறது. வலப்பக்கம் பட்டியலாக இருந்தால், பட்டியலின் உறுப்பு ஏதேனும் இடப்பக்கத்திற்கு முழுமையாகச் சமமா என்று மட்டுமே பார்க்கிறது. தொடக்கநிலை மாணவர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். மரம், கல், கோவில், பகல் என்னும் நான்கு சரங்கள் கொண்ட பட்டியலில் "க" உள்ளதா என நேரடியாகக் கேட்டால் பொய் என்றே விடை வரும்; "க" என்னும் தனிச்சரம் அதில் உறுப்பாக இல்லை. பட்டியல் முழுவதையும் ஒரே சரமாக மாற்றித் தேடுவதும் தவறாகும். அவ்வாறு மாற்றும்போது சேரும் மேற்கோள் குறிகளும் காற்புள்ளிகளும்கூடத் தேடலில் அகப்படும்.

வழிமுறை

"ஃபார்" மடக்கின் மூலம் ஒவ்வொரு சரமாக எடுத்துச் சோதிப்பதே சரியான வழி. பொருந்தும் சரங்களைத் திரட்ட, 2000-ஆம் ஆண்டு வெளியான பைத்தான் 2.0 முதல் உள்ள பட்டியல் சுருக்கம் போதுமானது. ஒன்றேனும் உண்டா என்பதை மட்டும் அறிய "எனி" என்னும் சார்பு உதவும். இது 2006-இல் வெளியான 2.5 பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஒவ்வொன்றாகச் சோதனையைப் பெறும்போது, முதல் மெய் கிடைத்தவுடன் இச்சார்பு நின்றுவிடும். ஆயினும் சோதனைகளைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் முழுப் பட்டியலும் முதலில் உருவாகிவிடுவதால் இந்தப் பயன் இழக்கப்படும்.

வெற்றுச் சரம் எல்லாச் சரங்களிலும் உள்ளதாகவே பைத்தான் கொள்கிறது. எனவே பயனர் எதுவும் தட்டெழுதாமல் தேடினால் பட்டியல் முழுவதுமே விடையாக வரும்.

தமிழ்ச் சரங்கள்

பைத்தான் 3-இல் சரம் என்பது ஒருங்குறிக் குறியீடுகளின் வரிசை; தமிழ் இலக்கணம் கூறும் எழுத்துகளின் வரிசை அன்று. "கல்" என்பது இரண்டு எழுத்து. ஆனால் பைத்தான் அதன் நீளத்தை 3 என்கிறது: க, ல, புள்ளி. "கோவில்" என்பதன் நீளம் 6. ஆகவே மேற்கண்ட பட்டியலில் "க" என்பதைச் சரம் சரமாகத் தேடினால் கல், பகல் ஆகியவற்றுடன் கோவிலும் கிடைக்கும். "கோ" என்பது ககரக் குறியீடும் ஓகாரக் குறியும் சேர்ந்ததே இதற்குக் காரணம். இவ்வாறே "கல்" என்பதில் "ல" உண்டு என்ற விடையும் வரும்.

ககர வரிசை முழுவதையும் தேடுவோருக்கு இது வசதியே. சொல்விளையாட்டு, சொற்பட்டியல், யாப்பு ஆய்வு போன்றவற்றிற்கான நிரல்களிலோ இது பிழையான முடிவுகளைத் தரும். பிழைச்செய்தி எதுவும் எழாததால் கண்டறிவதும் கடினம்.

மற்றொரு சிக்கலும் உண்டு. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை ஒரே குறியீடாகவோ இரண்டாகப் பிரித்தோ சேமிக்க இயலும். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் பைத்தானுக்கு அவை வேறு வேறு. பிரித்துச் சேமித்த "கொ" என்பதில் "கெ" உண்டு என்றும் மெய் விடை வரும். "யூனிகோட்டேட்டா" கூறிலுள்ள "நார்மலைஸ்" சார்பால், "என்எஃப்சி" வடிவிற்குத் தேடப்படும் எழுத்தையும் பட்டியலையும் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதன்பின் ஒவ்வொரு சொல்லையும் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்கலாம். "ஓப்பன் தமிழ்" என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பில் இதற்கான சார்பு உள்ளது. "கோவில்" அப்போது கோ, வி, ல் என்னும் மூன்று உறுப்புகள் கொண்ட பட்டியலாகிறது. பட்டியலில் "இன்" முழுச் சமத்தையே பார்ப்பதால், "க" அதில் இல்லை என்ற விடை கிடைக்கும். முன்பு இடறலாக இருந்த அதே பண்பு இங்கே தேவையானதாகிறது.