அறுபதில் வீடு மாறலாம்... ஆகாயத்துக்காக!

செட்டிநாட்டில் ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள், சில நாள்களுக்கு மட்டும் திறக்கும். குடும்பத்தில் கல்யாணமாக இருக்கும். இல்லையென்றால் முன்னோருக்குப் படைப்பு. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்து சேர்வார்கள். ராத்திரிப் பந்தி முடிந்து வளவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போகும். காற்றுக்காக மொட்டை மாடி ஏறிய பிள்ளைகளில் ஒன்று, “அப்பத்தா, மேல வந்து பாருங்களேன்!” என்று கத்தும். அப்பத்தாவுக்கு அது புதிதல்ல. அவர் சிறுமியாக இருந்தபோது தினமும் பார்த்த வானம்தான். நகரத்தில் வளர்ந்த பேரப்பிள்ளைக்குத்தான் அது அதிசயம்.

பணி ஓய்வு நெருங்கும் பலருக்கும் அந்த நேரத்தில் ஓர் எண்ணம் வரும். ‘நகரத்து ஃபிளாட்டைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டால் என்ன?’ கேமராவும் நட்சத்திரமும் பிடித்தவர்களுக்கு அந்த எண்ணம் இன்னும் பலமாக வரும். ‘இந்த வயதில் வானத்துக்காக ஊர் மாறுவதா?’ என்று வீட்டில் சிரிப்பார்கள். ஆனால், 130 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அப்படி மாறியிருக்கிறார்.

காண்ட்ராக்டர் கட்டிய ‘நட்சத்திர வயல்’

அவர் பெயர் ஐசக் ராபர்ட்ஸ். 1829-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பிறந்தவர். லிவர்பூல் நகரில் கட்டட வேலை கற்று, பிறகு சொந்தமாகக் கட்டடத் தொழில் நடத்திப் பணம் சேர்த்தவர். வானியல் அவருக்குத் தொழில் அல்ல. 49 வயதில் ஒரு தொலைநோக்கி வாங்கினார். 54 வயதில் அதன் வழியாகப் படம் எடுக்கத் தொடங்கினார். 1885-ல், 20 அங்குலக் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி ஒன்றைச் செய்து தரச் சொல்லி, லிவர்பூலுக்குப் பக்கத்தில் மாகுல் என்ற ஊரில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே நிறுவினார்.

1888 டிசம்பர் 29 அன்று, அந்தத் தோட்டத்திலிருந்து ஆண்ட்ரோமெடாவைப் படம் பிடித்தார். அதுவரை தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்கு அது வெறும் மங்கலான புகைத்திட்டு. ராபர்ட்ஸின் கண்ணாடித் தகட்டில்தான் அதன் சுருள் வடிவம் முதல்முறையாகத் தெளிவாகப் பதிவானது.

பேர் கிடைத்துவிட்டது, இனி அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் மாகுலின் வானம் அவருக்குப் போதவில்லை. சுற்றிலும் தொழில் நகரங்கள், புகையும் மேகமும். 1890-ல், 61 வயதில், இங்கிலாந்தின் தெற்கே சசெக்ஸ் பகுதியில், குரோபரோ என்ற மேட்டு நிலத்துக்கு வீட்டை மாற்றினார். தொலைநோக்கியும் கூடவே போனது. புது வீட்டுக்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்டார்ஃபீல்ட்’ - நட்சத்திர வயல்! அங்கே எடுத்த படங்களையும் சேர்த்து 1893-லும் 1899-லும் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். இடையில் 1895-ல், பிரிட்டனின் அரசு வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

இதில் ஒரு காதல் கதையும் உண்டு. 1896-ல் முழுச் சூரிய கிரகணம் பார்க்க நார்வேக்குக் கப்பலில் போனார் ராபர்ட்ஸ். கிரகணத்தை மேகம் மறைத்துவிட்டது. ஆனால் அந்தப் பயணத்தில்தான் டோரதியா க்ளும்கேவைச் சந்தித்தார். அமெரிக்காவில் பிறந்து, பாரிஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த வானியலாளர் அவர். 1901-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். மாப்பிள்ளைக்கு வயது 72! மூன்று ஆண்டுகளில் ராபர்ட்ஸ் காலமானார். அவர் விட்டுச் சென்ற தகடுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, கணவரின் பெயரிலேயே ஒரு வான்பட நூலை வெளியிட்டார் டோரதியா.

ஒரு விஷயத்தில் ராபர்ட்ஸ் தவறிவிட்டார். ஆண்ட்ரோமெடாவின் சுருளைப் பார்த்து, புதிதாக ஒரு சூரியக் குடும்பம் உருவாகிறது என்று அவர் நினைத்தார். அது சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ள தனி விண்மீன் மண்டலம் என்பது, 1920-களில் எட்வின் ஹப்பிளின் ஆய்வுக்குப் பிறகுதான் உறுதியானது. அவர் சொன்ன விளக்கம் பொய்த்தது. எடுத்த படம் நின்றது.

நம்ம ஊரிலும் இடம் மாறினார்கள்

இருட்டைத் தேடி இடம் மாறுவது நம் மாநிலத்துக்கும் புதிதல்ல. கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக 1960-ல் பொறுப்பேற்ற வைணு பாப்பு, இரவு வானத்தை ஆராய வேறு இடம் தேடினார். கடைசியில் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு அங்கே வேலை தொடங்கியது. இன்று அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

செட்டிநாட்டுக்கு மட்டும் கிடைத்த வரம்

குரோபரோவில் ராபர்ட்ஸுக்குக் கிடைக்காத ஒன்று காரைக்குடிக்காரர்களுக்கு இருக்கிறது. அது தெற்கு வானம்!

காரைக்குடி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில் இருக்கிறது. குரோபரோ 51 டிகிரியில். அகத்தியர் நட்சத்திரம் என்று நாம் சொல்லும் கனோபஸ் அங்கே உதிப்பதே இல்லை. இங்கே ஜனவரி இரவுகளில் தெற்கே 27 டிகிரி உயரம் வரை ஏறிவரும். திரிசங்கு எனப்படும் தென்சிலுவை, கரீனா நெபுலா, லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் திரண்ட ஒமேகா சென்டாரி என எல்லாம் மார்ச் முதல் மே வரை இங்கே தெரியும். ராபர்ட்ஸால் இவற்றில் ஒன்றைக்கூடத் தன் தோட்டத்திலிருந்து படம் எடுக்க முடிந்திருக்காது. அதே சமயம் அவர் படமெடுத்த ஆண்ட்ரோமெடா இங்கேயும் தெரியும்.

பால்வெளியின் மையம் மூலம் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மார்ச்சில் அது நள்ளிரவுக்கு மேல் எழுந்து, விடியும் முன் தெற்கே பாதி வானத்துக்கு ஏறிவிடும்.

வயதானவர்களுக்கு இன்னொரு ஆறுதலும் உண்டு. இருட்டில் நம் கண்மணி விரியும் அளவு வயதாக ஆகக் குறையும். அதனால் கண்ணுக்குள் போகும் வெளிச்சமும் குறையும். கேமராவுக்கு அந்தக் குறை கிடையாது. அது வெளிச்சத்தை விநாடி விநாடியாகச் சேர்த்து வைக்கும். இருபது வயதுக் கண்ணுக்கும் தெரியாத நிறங்கள் அறுபது வயதுக்காரரின் படத்தில் வந்து நிற்கும்.

முற்றமா, மாடியா, தோட்டமா?

வீட்டு முற்றம் பார்க்க அழகு. நாலு பக்கச் சுவரும் தெருவிளக்கை மறைக்கும். ஆனால் தலைக்கு மேலே உள்ள வானம் மட்டும்தான் தெரியும். செட்டிநாட்டின் சிறப்பான தெற்கு வானம் தாழ்வாக இருப்பதால், முற்றத்துக்குள் வராது.

மொட்டை மாடியில் வானம் முழுதாகத் தெரியும். ஆனால் பகல் முழுக்க வெயில் குடித்த தளம், ராத்திரியில் சூட்டைக் கக்கும். அந்தச் சூட்டுக் காற்றில் நட்சத்திரம் நடுங்கும். தரை ஆறும் வரை காத்திருக்க வேண்டும். பின்பக்கம் மண்தரைத் தோட்டம் இருந்தால் அதுதான் நல்ல இடம். பூச்சி, பாம்பு பயம் உண்டு என்பதால் காலில் ஷூவும் கையில் சிவப்பு வெளிச்ச டார்ச்சும் அவசியம். சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை அதிகம் கெடுக்காது.

அடுத்த சிக்கல் துருவ நட்சத்திரம். பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் மணிக்கு 15 டிகிரி நகர்வதுபோலத் தெரியும். சும்மா நிறுத்திய கேமராவில், அகலமான லென்ஸாக இருந்தாலும் சுமார் 20 விநாடிக்கு மேல் போனால் புள்ளி கோடாகிவிடும். அதற்கு மேல் எடுக்க, நட்சத்திரத்தைத் தொடர்ந்து திரும்பும் மோட்டார் தாங்கி வேண்டும். அதைச் சரியாக நிறுத்தத் துருவ நட்சத்திரம் துணை செய்யும். காரைக்குடியில் அது அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் எவ்வளவு உயரமோ, அவ்வளவுதான்! வடக்கே ஒரு தென்னையோ எதிர்வீட்டு மாடியோ இருந்தால் மறைந்துவிடும். எனவே, கருவி வாங்கும் முன் வடக்குப் பக்கம் பார்ப்பது நல்லது.

வானம் தரும் நாள்கள்

ஆண்டு முழுக்க வானம் திறந்திருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதற்கு முன்னாலும் சாயங்கால இடிமழையும் மேகமும் அடிக்கடி வரும். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். கோடை வெப்பத்தில் கேமரா சென்சார் சூடாகி, படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும். மழைக்காலத்தில் பூட்டிய அறையில் வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா, லென்ஸைவிட முக்கியம்.

இன்னொரு வேடிக்கை உண்டு. வானம் தெளியும் அதே பருவத்தில்தான் காரைக்குடி முத்துமாரியம்மன் கோயிலின் மாசி-பங்குனித் திருவிழா. சீரியல் செட்டும் டியூப் லைட்டும் ஜொலிக்கும் அந்த நாள்களில், கேமராவை உள்ளே வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

இருட்டும் ஒரு சொத்து

காரைக்குடி வளர்ந்துகொண்டே போகிறது. கடைத்தெருவின் எல்.இ.டி. வெளிச்சம் வானத்தை வெளுக்கச் செய்கிறது. நகரை விட்டுத் தள்ளியிருக்கும் சிற்றூர்களுக்கும் மெல்ல அது பரவும். ராபர்ட்ஸ் லிவர்பூல் புகையை விட்டு ஓடினார். இன்று ஊர் திரும்பி வருபவர், போன இடத்துக்கும் வெளிச்சம் பின்னாலேயே வருவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்குத் தெருவை இருட்டாக்க வேண்டியதில்லை. விளக்கின் ஒளி வானத்துக்குப் போகாமல் தரைக்கு மட்டும் விழும்படி மேலே ஒரு மூடி போட்டாலே போதும். லடாக்கின் ஹான்லேயில், 2022-ல் அறிவிக்கப்பட்ட இருள் வானக் காப்பகத்தில் ஊர் மக்களே விளக்குகளைக் கட்டுப்படுத்துகிறார்கள். வரும் பயணிகளுக்குத் தொலைநோக்கியில் வானம் காட்டிச் சம்பாதிக்கவும் செய்கிறார்கள். பழைய வீடுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரும் செட்டிநாட்டில், ராத்திரி காட்டவும் ஒன்று இருக்கிறது.

முதலில் ஒரு மாதம்

வீடு மாறும் முடிவு ஒருவர் மட்டும் எடுப்பதல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு மாடிப்படி ஏறும் உடம்பு வேண்டும். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். பேரப்பிள்ளைகளை விட்டு இருக்க முடியுமா என்று துணைவரிடமும் கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால், அதிலும் நியாயம் இருக்கும்.

அதனால் ஃபிளாட்டை விற்கும் முன், அமாவாசையை ஒட்டி ஜனவரியில் ஒரு மாதம் ஊர் வீட்டைத் திறந்து தங்கிப் பார்க்கலாம். செலவு அதிகமில்லை. இருட்டி ஒரு மணி நேரம் கழித்து முகப்பு விளக்கை அணைத்துவிட்டு, வடமேற்கே பாதி உயரத்தில் பாருங்கள். புகை படிந்ததுபோல ஒரு திட்டு தெரியும். முக்காலியில் போனை நிறுத்தி, நைட் மோடில் ஒரு படம் எடுங்கள். சின்னதாக, மங்கலாகத்தான் வரும். 61 வயதில் வீடு மாறிய அந்தக் காண்ட்ராக்டர் படம் பிடித்த ஆண்ட்ரோமெடா அதுதான்.